இருபத்திரண்டு பல் சக்கரம்

1

சென்ற திங்கட்கிழமை என் சைக்கிளுக்கு வருஷத் தகடு புதுப்பிக்க இந்த ஊர் நகரசபைக்குப் போனேன். சென்னையில் நீங்கள் வாங்கித் திருகி வைத்துக்கொள்ளும் அதே சின்னத் தகரத் தகடுதான். ஆனால் பண்டாரவளை என்னும் இந்த இலங்கை மலையூரில் அதற்கு மூன்று ஜன்னல்களில் நின்றாக வேண்டும். முதல் ஜன்னலில் விண்ணப்பம் தருவார்கள். இரண்டாவதில் பணம் வாங்கிக்கொள்வார்கள். மூன்றாவதில் இருக்க வேண்டியவர் தேநீர் குடிக்கப் போயிருப்பார்.

விண்ணப்பத்தில் பெயர், தொழில், வண்டியின் நிறம் எல்லாம் எழுதிவிட்டு 'நிரந்தர முகவரி' என்ற இடத்துக்கு வந்தேன். பதினாறு வருஷமாக எந்தக் காகிதத்திலும் அந்த இடத்தில் யோசனையே இல்லாமல் சென்னைச் சாந்தோம் வீட்டு விலாசத்தை எழுதி வந்தவன் நான். அன்று பேனா நின்றுவிட்டது. சட்டைப் பையில் அண்ணனிடமிருந்து காலையில் வந்த பதிவுத் தபால் இருந்தது. அதை இரண்டு தடவை படித்திருந்தேன்.

"மாஸ்டர், பின்னால ஆக்கள் நிக்கிறாங்க. சுருக்கா எழுதுங்க" என்றார் ஜன்னலுக்குள் இருந்தவர்.

அந்த இடத்தை வெறுமையாக விட்டுக் கொடுத்தேன். அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு தாமே 'பண்டாரவளை' என்று எழுதி முத்திரை குத்தினார். ஆக, இந்த ஊரில் என் சைக்கிளுக்குப் பதிவு எண் இருக்கிறது. எனக்கு இல்லை. குடியுரிமைக்குப் புதுச் சட்டம் வந்தபின் நான் இந்தியனா, இலங்கையனா, இரண்டும் கெட்டவனா என்று கேட்டு மூன்று மனுப் போட்டுவிட்டேன். மூன்றுக்கும் 'கிடைக்கப் பெற்றோம்' என்று பதில் வந்திருக்கிறது.

சைக்கிள் என்னிடம் வந்து இந்த மாதத்தோடு ஒரு வருஷம் ஆகிறது. அதை வாங்கித் தந்தவர் என் அண்ணன். போன வருஷம் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பதற்காகத்தான் சென்னைக்குப் போனேன். நான் குடும்பத்தோடு திரும்பி வந்துவிட்டால், அப்பா எனக்கென்று சொல்லிவைத்துவிட்டுப் போன தெரு அறை எனக்குக் கிடைக்குமா? இதுதான் கேள்வி. அதைக் கேட்காமலே சைக்கிளோடு திரும்பி வந்தேன்.

2

இந்தப் பத்திரிகையில் நான் முன்பு எழுதிய இலங்கைக் குறிப்புகளைப் படித்தவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். அவற்றில் நான் எழுதியது பாதிதான். அருவியை எழுதினேன், அட்டை காலைக் கடித்ததை எழுதவில்லை. காலைப் பனியை எழுதினேன், அந்தப் பனியில் ஈரவிறகை ஊதி ஊதி என் மனைவி திரேசாவுக்குக் கண் எப்போதும் சிவந்திருப்பதை எழுதவில்லை. அண்ணனுக்கு எழுதிய கடிதங்களும் அப்படித்தான். ஊருக்குப் போகும்போதெல்லாம் சீமை சோப்பும் பிஸ்கோத்து டப்பாவும் கொண்டுபோய் இறக்கிவிட்டு, நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, "அங்கே விசிறி என்ற சாமானே கிடையாது" என்று பெருமையடித்தவன் நான். வெளியூரில் இருப்பவன் தன் கஷ்டத்தை ஊரில் சொன்னால், போனதே தப்பு என்று ஆகிவிடுமே. அந்தப் பயம்.

நான் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வீடு மலைச்சரிவின் அடியில். பள்ளிக்கூடம், தபாலாபீஸ், கடைத்தெரு எல்லாம் மேலே. நடுவில் ஒன்றரை மைல் ஏற்றம். பஸ் உண்டு. ஆனால் அது பள்ளிக்கூடம் தொடங்கி முக்கால் மணி நேரம் கழித்துத்தான் வரும். இத்தனை வருஷமும் ஒரு பழைய கறுப்புச் சைக்கிளில் போய் வந்தேன். முழுச் செயின் மூடி, பின்னால் இரும்புக் காரியர், இரட்டைக்கால் ஸ்டாண்டு, டைனமோ விளக்கு எல்லாம் வைத்த வண்டி. இளமையில் அதை மிதித்தேன். பிறகு பாதி வழி தள்ளினேன். நிமோனியா வந்து எழுந்தபின், தள்ளுவதற்கே இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "ஒன்று, வண்டி இலேசாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மேடில்லாத ஊருக்குப் போக வேண்டும்" என்றார்.

மேடில்லாத ஊர் என்றதும் எனக்கு எந்த ஊர் ஞாபகம் வந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. வெள்ளைக்காரர் இரண்டு நாட்டையும் விட்டுப் போயிருந்தார். இந்தியாவிலிருந்து வந்தவர்களை இங்கே என்ன செய்யப்போகிறார்கள் என்று ஆசிரியர் அறையில் எங்கள் காது கேட்கவே பேசத் தொடங்கியிருந்தார்கள். திரேசாவிடம், "போய் அண்ணனைக் கேட்டுப் பார்க்கிறேன்" என்றேன். அவள் அடுப்பை ஊதிக்கொண்டே, "கேளுங்க. இந்தத் தடவை பெருமை பேசாம கேளுங்க" என்றாள்.

3

எங்கள் குடும்பம் சாந்தோமில் எத்தனை தலைமுறை என்று யாருக்கும் தெரியாது. போர்ச்சுகீசியர் காலத்துக் கோயில் புத்தகத்தில் எங்கள் பெயர் இருக்கிறதாம். அண்ணன் லூர்துவும் வாத்தியார்தான், பங்குப் பள்ளிக்கூடத்தில். என்னைவிட ஆறு வயது மூத்தவர். அப்பா சாகும்போது இரண்டு பேரையும் கூப்பிட்டு, "உள்வீடு லூர்துக்கு. தெரு அறை சவரிக்கு. அவன் எங்க போனாலும் வந்து இறங்க ஒரு இடம் வேணும்" என்றார். சவரி நான்தான். பத்திரம் எதுவும் எழுதவில்லை. நாங்களும் எழுதச் சொல்லவில்லை.

போன வருஷம் போய் இறங்கியபோது தெரு அறை பூட்டியிருந்தது. அண்ணி சாவியைத் தேடுவதாகச் சொன்னாள். மாலையில் கதவு திறந்தது. உள்ளே அவளுடைய தையல் மிஷினும், அண்ணன் மகன் பீட்டரின் கட்டிலும், அவன் புத்தக அலமாரியும் இருந்தன. என் ஆணியில் அவன் சட்டை தொங்கியது. "ஒரு வாரத்துக்குத்தானே, கூடத்துல காத்து நல்லா வரும்" என்று அண்ணி பாயை விரித்தாள். நான் இரண்டு மாத லீவில் வந்திருந்தேன். அதை அப்போது சொல்லவில்லை.

மூன்றாம் நாள் எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடும்போது என் மகள் ரோஸி, பதிமூன்று வயது, வியர்வையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, "எப்பப்பா வீட்டுக்குப் போறது?" என்று கேட்டாள்.

அண்ணி சிரித்தாள். "இது யாரு வீடுடி?"

"பெரியப்பா வீடு" என்றாள் ரோஸி, சந்தேகமே இல்லாமல்.

அவள் மேல் என்ன தப்பு? யாராவது ஏதாவது கேட்டால், ஆமாம் என்பதற்கு 'ஓம்' என்று சொல்கிறாள். பெரியப்பா பிள்ளைகள் அதைச் சொல்லிச் சொல்லிக் காட்டுகிறார்கள். கடற்கரைக்குக் கூட்டிப்போனால் மணல் சுடுகிறது என்கிறாள். பிறந்தது இந்த மலையூரில், அவளுக்கு இதுதான் வீடு. ஆனால் அந்த வார்த்தையை அண்ணன் எப்படிக் கேட்டுக்கொண்டார் என்பதைப் பார்த்தேன். ஒரு பாரம் இறங்கியதுபோல் இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டார். அன்று கேள்வி என் தொண்டைவரை வந்து திரும்பிப் போய்விட்டது.

பேச்சை மாற்றவே சைக்கிள் விஷயத்தைச் சொன்னேன். டாக்டர் இலேசான வண்டி வாங்கச் சொன்னார் என்றேன். அவர் சொன்ன மற்றப் பாதியை விட்டுவிட்டேன்.

"அவ்வளவுதானே? நான் வாங்கித் தரேன்டா" என்றார் அண்ணன். "உனக்கு நான் ஒண்ணுமே செஞ்சதில்ல."

4

மறுநாள் என்னை மவுண்ட் ரோட்டுக்கு அழைத்துப்போனார். கண்ணாடிக்குள் மூன்று கியர் வைத்த சீமை வண்டி ஒன்று நின்றது. கைப்பிடியில் ஒரு சின்ன நெம்புகோல். ஏற்றத்துக்கு ஒரு கியர், சமதரைக்கு ஒன்று, இறக்கத்துக்கு ஒன்று. எந்த ஊருக்கும் ஆகிற வண்டி. விலையைக் கேட்டதும் இருவரும் ஒரே சமயத்தில் வாசலைப் பார்த்தோம்.

பிறகு தியாகராய நகரில் ஒரு கடை. அங்கே அண்ணன் பிடித்துக்கொண்டது பழைய கறுப்பு வண்டியின் அண்ணன்போல் ஒன்று. ஒரு கையால் தூக்கப் பார்த்து, முடியாமல் கீழே வைத்து, "இரும்புன்னா இது இரும்பு! பேரப்பிள்ளை வரைக்கும் ஓடும்" என்றார். நம் ஊரில் சைக்கிள் வாங்கும் விதமே அதுதான். தூக்கிப் பார்க்க வேண்டும், தூக்க முடியாவிட்டால் நல்ல வண்டி. மாப்பிள்ளைக்கு வாங்கினால் இன்னும் கனமாக இருக்க வேண்டும். ஏரியைத் தூர்த்துக் கட்டிய தியாகராய நகரில், தட்டில் பரப்பிய மாவு மாதிரி இருக்கிற தெருக்களில், அது எவ்வளவு கனமாக இருந்தால்தான் என்ன?

"அண்ணே, எனக்கு வேண்டியது இலேசா இருக்கணும்."

"இலேசா இருந்தா அது வண்டியாடா? நாலு நாள்ல நெளிஞ்சு போகும்."

நாலு நாள் அலைந்து, கடைசியில் மயிலாப்பூர் சித்திரக்குளத்துக்கு அருகில் இருந்த கன்னியப்பன் கடைக்குப் போனோம். கன்னியப்பன் அடையாற்றங்கரைக் குடிசைகளில் இருந்து வருகிறவர். நாற்பது வயது. விரலிடுக்கில் எப்போதும் கிரீஸ். நான் இங்கத்துப் பழக்கத்தில், பேச வேண்டும் என்பதற்கு, "உங்களோட கொஞ்சம் கதைக்கணும்" என்று தொடங்கினேன்.

அவர் முக்காலியை நகர்த்தினார். "கதையா? என்கிட்ட இன்னா கதை கீது நைனா, எல்லாம் பஞ்சர் கதைதான். குந்து."

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். என் ஊரில் நான் பேசினால் சிரிக்கிறார்கள், இந்த மலையூரில் நான் நின்றால் முறைக்கிறார்கள். சொல்லிக்கொள்ளும்படியான வாழ்க்கைதான்.

விஷயத்தைக் கேட்டபின் கன்னியப்பன் முதலில் கேட்டது விலையை அல்ல. "மேடு எவ்ளோ தூரம்?" என்றார்.

"ஒன்றரை மைல்."

"நம்ப அடையாறு பாலத்து மேடு மாதிரியா?"

"அந்தப் பாலத்தை ஒண்ணு மேல ஒண்ணா ஐம்பது அடுக்கினா எப்படி, அப்படி."

அவர் சீட்டியடித்தார். உள்ளே போய் ஒரு சாக்கை விலக்கி, பச்சை நிற வண்டி ஒன்றை ஒரே கையில் தூக்கிக்கொண்டு வந்தார். யுத்தம் முடிந்து ஊருக்குப் போன வெள்ளைக்கார சிப்பாய் ஒருவன் விற்றுவிட்டுப் போனதாம். மெல்லிய குழாய், குறுகலான டயர், அலுமினிய மட்கார்டு. செயின் மூடி இல்லை, காரியர் இல்லை, ஸ்டாண்டு இல்லை. அதன் இலேசுக்குப் பயந்து வருஷம் இரண்டாக யாரும் வாங்கவில்லை. அதனால் விலையும் எங்களுக்கு எட்டியது.

அண்ணன் ஒரு விரலால் அதைத் தூக்கிப் பார்த்தார். "இது சைக்கிளா, குடையா?"

"கனமா கீதுன்னா நல்லதுன்னு நம்ப ஊர்ல நெனச்சுக்கினு கீறாங்க சார்" என்றார் கன்னியப்பன். "மேட்டுல ஏறசொல்ல ஒவ்வொரு இரும்பும் நம்ப முதுவுல குந்திக்கினு வரும். டைனமோ வாணாம், டார்ச் லைட்டு கட்டிக்கோ. காரியர் வாணாம், பை மாட்டிக்கோ. ஆனா பிரேக்கு ரெண்டும் புச்சா போட்டே ஆவணும். ஏர்றது மூச்சு, எறங்குறது உசுரு."

"ஸ்டாண்டு கூட இல்லாம எப்படிடா நிறுத்துவே?" அண்ணனுக்கு மனசே ஆறவில்லை.

"சுவத்துல சாய்ச்சு வைப்பேன் அண்ணே."

அப்புறம்தான் பல் விஷயம் வந்தது. சைக்கிள் பின்சக்கரத்தில் செயின் ஓடும் பல்சக்கரத்தை நம்மில் யாரும் கவனிப்பதில்லை. சென்னையில் எல்லா வண்டிக்கும் பதினெட்டுப் பல். கன்னியப்பன் இருபத்திரண்டு பல் போட வேண்டும் என்றார். பல் கூடினால் ஏற்றம் இலேசாகும். ஆனால் அதே வண்டியைச் சமதரையில் ஓட்டினால் கால் வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கும், வண்டி நகராது. மலைக்குப் போட்ட பல் மெட்ராஸுக்கு உதவாது, மெட்ராஸுக்குப் போட்டது மலைக்கு உதவாது.

அவர் என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ.

"ஒண்ணு செய்யலாம். சக்கரத்து நடுவுல போடற ஹப், ரெண்டு பக்கமும் மரை போட்டது ஒண்ணு என்கிட்ட கீது. இந்தப் பக்கம் இருபத்திரண்டு, அந்தப் பக்கம் பதினெட்டு. மலையில கீறப்போ இத்த ஓட்டிக்கோ. இங்க வந்தியா, சக்கரத்தக் கழட்டித் திருப்பிப் போட்டுக்கோ. அஞ்சு நிமிஷ வேலை. விலையும் ஒண்ணும் பெருசு இல்ல."

நான் எட்டு நாளாகக் கேட்க முடியாமல் தவித்த கேள்வியை ஒரு சைக்கிள் ரிப்பேர்க்காரர் என் சார்பில் கேட்டுவிட்டார். அண்ணன் சரி என்று சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அன்று மாலையே பேசிவிடலாம். நான் அண்ணனைப் பார்த்தேன்.

அண்ணன் முக்காலியில் உட்கார்ந்தபடி ஒரு பழைய மணியைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"வேணாம்பா" என்றார். "அவனுக்கு எதுக்குப் பதினெட்டு? அவன் இனிமே அங்கதான். இருபத்திரண்டே போடு."

கன்னியப்பன் என்னைப் பார்த்தார். "இன்னா நைனா?"

"ஆமா" என்றேன். "இருபத்திரண்டே போடுங்க."

5

வண்டி தயாரானதும் ஓட்டிப் பார்க்க மேடு வேண்டுமே. சென்னையில் மேட்டுக்கு எங்கே போவது? அடையாறு பாலத்துக்குத்தான் போனோம். கன்னியப்பன் கையில் ஸ்பானரோடு வந்தார். அண்ணனும் நானும் சிறுவயதில் பழகிய பாலம் அது. லஸ் முனையில் மணி வாடகைக்கு ஒரு சைக்கிள் எடுத்து, ஆளுக்கு அரை மணி என்று பேசிக்கொண்டு அங்கே வருவோம். எனக்கு ஓட்டத் தெரியாது. அண்ணன் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடிவருவார். பாலத்து உச்சியில் கையை எடுத்துவிடுவார். அவருடைய அரை மணியிலிருந்து பத்து நிமிஷம் எப்போதும் எனக்குத்தான் வரும். அதை அவர் ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை.

சாந்தோமிலிருந்து பாலம்வரை சமதரையில் மிதித்துப் போனபோது, கன்னியப்பன் சொன்னதுபோலவே கால் அண்ணியின் தையல் மிஷின் மாதிரி சுற்றியது. மாட்டுவண்டி ஒன்று என்னைத் தாண்டிப் போனது. நாமக்காரர் ஒருவர் கனமான வண்டியில் சாவகாசமாக மிதித்துக்கொண்டு என்னைக் கடந்து, திரும்பிப் பார்த்து, "என்ன ஓய், செயின் அறுந்துடுத்தா?" என்று கேட்டார். என் ஊர்த் தெருவில் என் சைக்கிள் எனக்கு உதவவில்லை.

பாலத்து ஏற்றம் தொடங்கியதும் வண்டி மாறிவிட்டது. நெஞ்சில் கனமே இல்லை. ஆனால் அண்ணன் அதை நம்பவில்லை. ஐம்பது வயது, தொப்பை, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பழையபடி சீட்டைப் பிடித்துக்கொண்டு என் கூடவே ஓடிவந்தார்.

"மூச்சு வாங்குதாடா?"

"இல்லண்ணே."

"நெசமா?"

"நெசமா. நீங்க விடுங்க, உங்களுக்குத்தான் வாங்குது."

உச்சியில் கையை எடுத்துவிட்டு, மூச்சிரைக்க, சின்னப் பையன் மாதிரி கைதட்டினார். அந்த மனுஷர் மேல் எனக்குக் கோபம்கூட ஒழுங்காக வரவில்லை. அவர் கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும்! அறையைப் பூட்டிவைத்துக்கொண்டு சண்டை போட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அவர் என்னை நேசித்துக்கொண்டே வழியனுப்பினார். பதினாறு வருஷமாக, அங்கே சொர்க்கம், சொர்க்கம் என்று எழுதினவனைப் பிறகு வேறு எங்கே அனுப்புவார்?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வண்டியைக் கோயில் வாசலில் நிறுத்தி மந்திரிக்கச் சொன்னார். புது வண்டிக்குத் தீர்த்தம் தெளிப்பது எங்கள் பங்கில் வழக்கம். ஸ்டாண்டு இல்லாததால் அண்ணனே அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். சாமியார் தெளித்து முடித்ததும், "தம்பி அங்கேயே நல்லா இருக்கணும்னு சொல்லி ஜெபிங்க சாமி" என்றார் அண்ணன். சாமியார் அப்படியே ஜெபித்தார். நான் ஆமென் சொன்னேன். பக்கத்தில் திரேசா சொல்லவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கடலைப் பார்த்து நின்றாள்.

இரண்டு மாத லீவில் வந்தவன் பதினேழாம் நாளே புறப்பட்டுவிட்டேன். ஏன் என்று அண்ணன் கேட்டார். பள்ளிக்கூடத்தில் கூப்பிடுகிறார்கள் என்றேன்.

6

தனுஷ்கோடியில் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கியதும் சுங்க அதிகாரி சைக்கிளைப் பிடித்துக்கொண்டார். வெளியூரிலிருந்து கொண்டுவரும் வண்டிக்குத் தீர்வை உண்டு. இந்த நாட்டில் நிரந்தரமாகக் குடியிருப்பவர் தம் சொந்த உபயோகத்துக்குக் கொண்டுவந்தால் வேறு கணக்கு. ஒரு காகிதத்தை நீட்டினார்.

"நீங்க இங்கே நிரந்தரமா, தற்காலிகமா?"

ரோஸி முந்திக்கொண்டு, "நிரந்தரம்" என்றாள். திரேசா என் முகத்தைப் பார்த்தாள். பின்னால் வரிசை நீண்டிருந்தது. நான் கையெழுத்துப் போட்டேன். அந்த வார்த்தையின் கீழ் நான் போட்ட முதல் கையெழுத்து அது. இந்த நாட்டுச் சட்டம் அதை ஒப்புக்கொள்ளவில்லை என்பது பிறகு வந்த கதை.

அதிகாரி சீட்டுக்குப் பின்னால் தொங்கிய சின்னத் தோல்பையைத் திறக்கச் சொன்னார். பஞ்சர் ஒட்டும் ரப்பர், ஒரு ஸ்பானர், இவற்றுக்கு அடியில் எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய ஏதோ ஒன்று. அவர் பிரித்தார். உள்ளே ஒரு பல்சக்கரம். எண்ணிப் பார்த்தேன். பதினெட்டு.

"இது என்ன? உதிரிபாகமா? விற்கவா?"

"எனக்குத் தெரியாது" என்றேன். உண்மையும் அதுதான். அந்தக் காகிதத்தில் கன்னியப்பன் யாரையாவது எழுதச் சொல்லி ஒரு வரி வைத்திருப்பாரோ என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. கறுப்பு விரல் ரேகைகள்தான் இருந்தன.

சுற்றிவைக்கச் சொல்லி அதிகாரி போய்விட்டார். நான் அதைக் கையில் வைத்துக்கொண்டே ரயிலேறினேன். மலை தொடங்கும்வரை கையில்தான் இருந்தது. என் ஊரில் நான் திரும்பி வருவேன் என்று நினைத்த ஒரே மனிதர், என்னை இரண்டு தடவை மட்டும் பார்த்த ஒரு சைக்கிள் ரிப்பேர்க்காரர். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது, அவருக்கு நான் நன்றி சொல்லிக்கூட எழுதவில்லை.

7

வண்டியைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மலையூரில் இருந்துகொண்டு கொஞ்சப் பணத்தில் சைக்கிள் தேடுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் கன்னியப்பன் சொன்னதைத்தான் நானும் சொல்வேன். புதிதாக, கனமாக, பளபளப்பாக வாங்காதீர்கள். பழையதானாலும் இலேசான குழாயாகப் பாருங்கள். பிரேக்கில் மிச்சம் பிடிக்காதீர்கள். முன்னெல்லாம் பள்ளிக்கூடம் போய்ச் சேரும்போது பேச மூச்சிருக்காது. இப்போது மணியடிக்கக் கால்மணி முன்பே போய் உட்கார்ந்திருக்கிறேன். சனிக்கிழமைகளில் சும்மாவே தேயிலைத் தோட்டத்துப் பாதையில் ஒரு சுற்று போய் வருகிறேன். ரோஸியைக் கூப்பிட்டால், "நீங்க போங்கப்பா" என்கிறாள். அவளுக்கு அவள் சிநேகிதிகள் இருக்கிறார்கள், அவர்களோடு சிங்களத்தில் சிரிக்கிறாள். என்னைப் பார்த்தால் சிரிப்பை நிறுத்திக்கொள்கிறாள்.

பதினெட்டுப் பல்லை மாதம் ஒரு தடவை துடைத்து, எண்ணெய் தடவி, அதே காகிதத்தில் சுற்றி வைக்கிறேன். இங்கே மழைக்கு எல்லாம் துருப்பிடிக்கும். திரேசா பார்ப்பாள், ஒன்றும் கேட்க மாட்டாள்.

இனி அந்தப் பதிவுத் தபால். பீட்டருக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டதாம். பெண் வீட்டார், வீடு யார் பெயரில் இருக்கிறது என்று கேட்கிறார்களாம். தெரு அறையைத் தடுத்துப் புது ஜோடிக்குத் தனிக்குடித்தனம் வைத்துக் கொடுக்கிறார்களாம். அறையில் எனக்குள்ள பாத்தியதையை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் ஒன்று இணைத்திருக்கிறாராம், நொத்தாரிசு என்று இங்கே சொல்லும் நோட்டரி வக்கீல் முன்னால் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் உதவியாக இருக்குமாம். அண்ணனின் அழகான கையெழுத்து, கடைசிப் பக்கத்தில் மட்டும் கோணலாகப் போயிருந்தது. 'நீயோ அங்கே நிலையாகிவிட்டாய். அப்பா இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்' என்று எழுதி, 'இதைத்தான்' என்பதை அடித்துவிட்டு மறுபடியும் எழுதியிருந்தார். அதற்குக் கீழே, 'சைக்கிள் எப்படி ஓடுகிறது? ஏற்றம் ஏறுகிறதா? மூச்சு வாங்குகிறதா? உடனே எழுது' என்று இருந்தது.

திரேசா பத்திரத்தைப் படித்துவிட்டு, "கேட்டிருக்கலாம் நீங்க" என்றாள். ஒரு வருஷத்தில் அவள் அதைப் பற்றிச் சொன்னது அவ்வளவுதான்.

கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அண்ணன் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் தலை நிமிராமல் துடைத்துக்கொண்டிருந்த அந்தப் பழைய மணியும் நினைவுக்கு வருகிறது. அவரும் நான் கேட்பேனோ என்று பயந்துகொண்டிருந்தாரோ? கேட்டிருந்தால் மறுத்திருக்க மாட்டாரோ? இல்லாவிட்டால், நான் கேட்டுவிடக் கூடாதே என்பதற்காகத்தான் அவ்வளவு ஆசையாக வண்டி வாங்கித் தந்தாரோ? இனி இதையெல்லாம் யோசித்து என்ன செய்ய?

புதன்கிழமை நொத்தாரிசு முன்னால் கையெழுத்துப் போட்டேன். நிரந்தர முகவரி என்ற இடத்தில் இந்தத் தடவை நானே பண்டாரவளை என்று எழுதினேன். மாலையில் பத்திரமும் கடிதமும் வைத்த உறையை ஒட்டாமல் பையில் வைத்துக்கொண்டு தபாலாபீஸுக்குப் புறப்பட்டேன். தூறல். அட்டன் ஊர்ப் பக்கமிருந்து வந்த லாரி ஒன்று என்னைச் சேற்றால் அடித்துவிட்டுப் போனது. அடிமேட்டில் ஒரு தடவை, நடுமேட்டில் ஒரு தடவை, இறங்கி நின்றுவிடலாமா என்று நினைத்தேன். மூச்சுக்காக அல்ல. எங்காவது நின்றால் திரும்பிவிடலாமே என்றுதான். ஆனால் இருபத்திரண்டு பல் நிற்கவிடவில்லை. மிதிக்க மிதிக்க ஏறிக்கொண்டே இருந்தது.

தபாலாபீஸ் வாசலில் வண்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு, அண்ணனுக்கு எழுதிய கடிதத்தை வெளியே எடுத்தேன். அவர் கேட்டதற்கு மட்டும் பதில் எழுதாமல் விட்டிருந்தேன். கவுண்ட்டரில் கட்டியிருந்த பேனாவால் அடியில் எழுதினேன்:

'சைக்கிள் நன்றாக ஏறுகிறது, அண்ணே. வழியில் எங்கும் இறங்கவில்லை.'